ஃப்ரிட்ஜில் நாற்றமா? காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி உள்ளே வைப்பார்கள். இரண்டு நாள் பரவாயில்லை போலிருக்கும். பிறகு பழைய வாடை திரும்பி வரும், கூடவே வதங்கிப்போன எலுமிச்சையின் வாடையும் சேர்ந்துகொள்ளும்.

துடைப்பதும் மணப்பொருள் வைப்பதும் கடைசி வேலை. வாடை எங்கிருந்து வருகிறது, எந்த மாதிரி வாடை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. புளித்த மாவு வாடைக்கான மருந்து மீன் கவிச்சியிடம் சரியாக வேலை செய்யாது. கருகல் வாடை வந்தாலோ துணியையும் வாளியையும் தேடக்கூடாது, நேராகப் போய் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகளை மெக்கானிக் வராமலேயே தீர்த்துவிடலாம்.

படி 1: வாடை எங்கிருந்து வருகிறது?

எந்த வாடைக்கும் நம் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். சமையலறையிலேயே நின்றுகொண்டு ஆராய்ந்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய்ப் பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். வெளியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழையும் ஒருவரை மோந்து பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

கதவைத் திறக்காமலே தொடங்குங்கள். ஃப்ரிட்ஜின் இரு பக்கமும், பின்பக்கமும், தரையை ஒட்டிய அடிப்பகுதியும் எப்படி இருக்கின்றன? அதன் பிறகு கீழ்க் கதவைத் திறந்து பாருங்கள். அதற்கும் பிறகு ஃப்ரீசரைப் பாருங்கள். ஃப்ரீசர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டு ஐஸ் கட்டிகளை ஒரு டம்ளரில் போட்டு உருகவிட்டு அந்தத் தண்ணீரை மோந்து பாருங்கள். சுற்றியிருக்கும் வாடையை ஐஸ் எளிதில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐஸில் பூண்டு வாடை அடிக்கிறது என்பதற்காக ஃப்ரீசரில்தான் பூண்டு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே மின்விசிறிதான் குளிர்காற்றை மேலும் கீழும் சுற்றவிடுகிறது. கீழே திறந்து கிடக்கும் சட்னிக் கிண்ணத்தின் மணம் மேலே ஐஸ் வரை போய்விடும்.

படி 2: எந்த மாதிரி வாடை?

*புளித்த வாடை.* தமிழ் வீடுகளில் முதல் சந்தேகம் இட்லி மாவின் மேல்தான். குளிரில் வைத்தாலும் புளிப்பு முழுதாக நின்றுவிடுவதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. மாவில் உண்டாகும் காற்று அதை மேலே தள்ளும். பாத்திரத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் மாவு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வழிந்துவிடும். வழிந்தது கண்ணாடித் தட்டின் மேல் நின்றால் துடைத்துவிடலாம். ஆனால் அது தட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விளிம்புக்குள் இறங்கிவிடும். மேலே பளபளவென்றிருக்கும், உள்ளே மாவு மாதக்கணக்கில் புளித்துக்கொண்டிருக்கும். பால் பாக்கெட்டும் இப்படித்தான். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், கதவு ரேக்கின் அடியில் பால் தேங்கிவிடும்.

*கவிச்சி வாடை.* மீன் கெடும்போது உண்டாகும் ட்ரைமெதிலமைன் என்ற பொருள்தான் அந்தத் தனி நாற்றத்துக்குக் காரணம். அது காரத்தன்மை உடையது. மீன் கழுவிய கையைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கும் நம் பாட்டிமார் வழக்கம் அதனால்தான் பலிக்கிறது. புளிப்பு அந்தப் பொருளை ஆவியாக விடாமல் கட்டிவிடுகிறது. இதைப் படி 4-இல் பயன்படுத்தப்போகிறோம்.

*அழுகல் வாடை.* பிளாஸ்டிக் பையில் கட்டிய கொத்தமல்லி, கீரை, அடியில் மறந்துபோன வெள்ளரிப் பிஞ்சு ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். காய்கறி ட்ரேயை முழுக்க வெளியே இழுத்து, அதற்குக் கீழேயும் பாருங்கள். விரிசல் விட்ட முட்டை ஒன்று இருந்தாலும் இதே கதைதான், கந்தக வாடை தனியாகத் தெரியும்.

*ஈர வாடை, பூசண வாடை.* உள்ளே கெட்டுப்போன பொருள் எதுவுமே இல்லை, ஆனால் மூடி வைத்த பழைய பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை என்றால் வடிகால் துளை, பின்பக்கத் தண்ணீர்த் தட்டு, கதவு ரப்பர் மூன்றையும் சந்தேகியுங்கள்.

*காறல் வாடை.* பழைய வெண்ணெய், தேங்காய்த் துருவல், எண்ணெய் கசியும் பொரித்த பண்டம். எடுத்து எறிந்தால் தீர்ந்தது.

*கலந்த மணம்.* இதில் எதுவும் கெட்டிருக்காது. பெருங்காயம், நறுக்கிய வெங்காயம், கருவாடு, பலாச்சுளை, ஏன், ஈரத்துணியில் சுற்றி வைத்த மல்லிகைச் சரம்கூட. மணம் தரும் பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை. அதனால் வெண்ணெயும் பாலேடும்தான் அவற்றை முதலில் வாங்கிக்கொள்ளும். காபியில் மல்லிகை மணந்தால் பால் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம். பாலை மூடி வையுங்கள், போதும்.

புது ஃப்ரிட்ஜில் வரும் பிளாஸ்டிக் வாடைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. உள்பக்கத்தை ஆப்ப சோடா கரைசலால் (அளவு படி 4-இல்) துடைத்து, சில மணி நேரம் திறந்து வைத்துவிட்டு உபயோகிக்கத் தொடங்கலாம். நாளடைவில் போய்விடும்.

படி 3: உடனே நிறுத்த வேண்டிய வாடைகள்

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். இதில் தாமதம் கூடாது.

பின்பக்கத்திலிருந்து கருகல் வாடையோ, ரப்பர் எரியும் வாடையோ வந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ப்ளக் சூடாக இருந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைப்பது நல்லது. கம்ப்ரசரை ஓடவைக்கும் ரிலே, ஓவர்லோட், கெபாசிட்டர் போன்றவை வெந்துபோனால் இந்த வாடை வரும். தளர்ந்த சாக்கெட்டும் ஒரு காரணம். ப்ளக்கின் பின்களிலோ சாக்கெட்டிலோ பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் வரை அந்தச் சாக்கெட்டை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வீட்டில் மீனே வாங்காத நாளில் சுவர் ஓரமாக மீன் வாடை அடித்தால் அதுவும் மின்கோளாறாக இருக்கலாம். சாக்கெட், சுவிட்ச் போன்றவற்றில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அச்சு அசலாக மீன் நாற்றம் தரும். சைவ வீட்டில் மீன் வாடை வருகிறதென்றால் பக்கத்து வீட்டைக் குறை சொல்லும் முன் ப்ளக்கைச் சோதியுங்கள்.

“கேஸ் வாடை வருது” என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோர் உண்டு. இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அதற்குக் கிட்டத்தட்ட வாடையே கிடையாது. அது கசிந்தால் தெரியும் அடையாளங்கள் வேறு: குளிர் குறைந்துபோகும், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சில சமயம் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும். அளவு கொஞ்சம்தான் என்றாலும் அது தீப்பிடிக்கும் வாயு. ஆகவே ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அடுப்பையோ சுவிட்சுகளையோ தொடாதீர்கள். எந்த வாயு என்பது கம்ப்ரசர் மேலோ உள்சுவரிலோ இருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

சமையல் கேஸின் வாடைதான் அடிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அது சிலிண்டரின் வேலை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எல்பிஜியில் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஃப்ரிட்ஜின் ரிலேயும் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் தானாக இயங்கும் நொடியில் எழும் ஒரு சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வாருங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை அணைக்கலாம். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஒரு காலத்தில் ஃப்ரிட்ஜ் வாயுக்களே நஞ்சாக இருந்தன. அம்மோனியா, மெதில் குளோரைடு, சல்பர் டை ஆக்சைடு மூன்றும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஓடின. கசிந்த வாயுவால் பெர்லினில் ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் படித்துக் கலங்கிய ஐன்ஸ்டீன், 1926-இல் இயற்பியலாளர் லியோ சிலார்டுடன் சேர்ந்து நகரும் பாகங்கள் இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க இறங்கினார். இருவருக்கும் 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்த வடிவம் சந்தைக்கு வரவில்லை.

படி 4: காலி செய்து கழுவுங்கள்

மின்சாரத்தை நிறுத்தி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பாலும் மீனும் ஐஸ் போட்ட வாளியில் இருக்கட்டும். தட்டுகளையும் ட்ரேக்களையும் உடனே வெந்நீரில் போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடி பட்டென்று விரிசல் விட்டுவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். தட்டின் பிளாஸ்டிக் விளிம்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

அடுத்தது, வாடைக்கு ஏற்ற மருந்து. புளித்த வாடைக்கும் பால் கெட்ட வாடைக்கும் காரணம் அமிலங்கள். அவற்றுக்கு ஆப்ப சோடா சரியான பொருள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். மீன் கவிச்சிக்கு இதற்கு நேர்மாறு. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் துடையுங்கள், அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர். எதுவானாலும் கடைசியில் வெறும் தண்ணீரால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறோம். அந்த நுரை வரும்போதே இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர். ஒன்றை முடித்துத் துடைத்த பிறகுதான் மற்றது. ப்ளீச்சிங் பவுடர் கரைசலோடு வினிகரைச் சேர்ப்பது இன்னும் மோசம், குளோரின் வாயு வெளிவரும். அது மூச்சுக்கு ஆபத்து.

சிங்கிள் டோர் ஃப்ரீசரில் பனி கட்டியிருந்தால் தானாக உருகட்டும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்காதீர்கள். அந்தச் சுவருக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் துளை விழுந்தால் வாடையைப் போக்கப் போய் ஃப்ரிட்ஜையே இழந்துவிடுவீர்கள்.

படி 5: யாரும் பார்க்காத துளையும் தட்டும்

உள்ளே மாசு மருவில்லாமல் கழுவிய பிறகும் வாடை தொடர்ந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான்.

ஃப்ரிட்ஜின் பின்சுவரில், காய்கறி ட்ரேக்குச் சற்று மேலே, ஒரு சிறு வாய்க்காலும் அதன் நடுவில் ஒரு துளையும் பல மாடல்களில் இருக்கும். சுவரில் படியும் ஈரம் வடிந்து அந்தத் துளை வழியாகக் குழாயில் இறங்கி, வெளியே கம்ப்ரசரின் மேலுள்ள தட்டில் விழுகிறது. கம்ப்ரசர் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். கறிவேப்பிலை, மல்லித்தழைத் துணுக்கு, பருக்கை என்று எது போய் அடைத்தாலும் தண்ணீர் உள்ளேயே தேங்கி, வழுவழுவென்று ஒரு படலம் உண்டாகும். ட்ரேக்கு அடியில் அடிக்கடி தண்ணீர் நிற்கிறதா? துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரை எடுத்து மெல்லச் செலுத்துங்கள். கம்பி விட்டுக் குடைய வேண்டாம், உள்குழாய் நழுவிவிடும். வளையும் பிளாஸ்டிக் குச்சி போதும். தண்ணீர் தடையில்லாமல் இறங்கும் வரை சில முறை செய்யுங்கள்.

பிறகு ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். இருவர் சேர்ந்து செய்யும் வேலை இது. மின் இணைப்பு துண்டித்திருப்பதை மறுபடி உறுதிசெய்து, கம்ப்ரசர் ஆறிய பின் தட்டைப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழுவாத தட்டுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. கழலக்கூடியதாக இருந்தால் எடுத்துக் கழுவுங்கள். கழலாவிட்டால் ஸ்பாஞ்சால் உறிஞ்சி எடுங்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் தட்டில் தண்ணீர் அதிகம் சேரும், கொசுவும் முட்டையிடும். மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வது வீட்டின் நலனுக்கும் நல்லது.

அங்கேயே டார்ச் அடித்து மூலைகளையும் பாருங்கள். சூடு தேடி வரும் கரப்பான் பூச்சிகள் அங்கே குடியிருக்கும், அவற்றுக்கென்று எண்ணெய் கலந்த ஒரு மக்கல் வாடை உண்டு. எலியோ பல்லியோ செத்துக் கிடந்தால் கையுறை போட்டு எடுத்துவிட்டு, வயர் கடிபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். கடிபட்டிருந்தால் மறுபடி ப்ளக் போடாதீர்கள்.

படி 6: கதவு ரப்பர்

மடிப்புகளுக்குள் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும். சோப்புத் தண்ணீரும் பல்துலக்கியும் போதும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

படி 7: மிஞ்சிய வாடையை உறிஞ்ச

இதற்கு நான் பரிந்துரைப்பது ஆக்டிவேட்டட் கார்பன். அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். வாடை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து அதைத் தயாரிக்கும் தொழில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரிய அளவில் நடக்கிறது. சாதாரண அடுப்புக் கரியும் கொஞ்சம் உதவும், ஆனால் துளைகள் குறைவு. அகலமான கிண்ணத்தில் பரப்பி நடுத்தட்டில் வையுங்கள்.

திறந்து வைத்த சோடா பாக்கெட் மெதுவாக வேலை செய்யும், அமில வாடைக்கு மட்டும். காபித்தூள் தன் மணத்தால் மற்றதை மறைக்கும், அவ்வளவுதான். ரூம் ஃப்ரெஷ்னரை ஃப்ரிட்ஜுக்குள் அடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உண்ணும் பொருளில் அது படியும்.

குளிர் போதுமா என்பதையும் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுவதும் வைத்தால் காலையில் 4 டிகிரி செல்சியசோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18. இதைவிடக் கூடினால் எத்தனை கழுவினாலும் பொருள் கெடும், வாடை வரும்.

நீண்ட மின்தடைக்குப் பிறகு

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் இருட்டு. இப்படியான நேரங்களில் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதைத் தாண்டிய இறைச்சியையும் மீனையும் சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது.

வெள்ளநீர் கம்ப்ரசர் மட்டத்துக்கு ஏறியிருந்தால், காய்ந்துவிட்டதே என்று ப்ளக்கைச் செருகாதீர்கள். மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான். கெட்ட இறைச்சியின் நீர் கசிந்து உள்சுவரின் விரிசல் வழியே இன்சுலேஷன் ஃபோமுக்குள் போயிருந்தால் அந்த நாற்றத்தை எந்தக் கரைசலாலும் வெளியேற்ற முடியாது. கழுவி, கதவைத் திறந்து வெயில் படும் இடத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் அந்த ஃப்ரிட்ஜை விட்டுவிடுவதுதான் அறிவு.

ஒயின் கூலரும் மினி பாரும்

வெளிநாட்டில் இருப்போர் சிலரின் வீடுகளில் ஒயின் கூலர் உண்டு. அது 12 டிகிரிக்குப் பக்கத்தில் இயங்குவதால் பூசணத்துக்கு ஃப்ரிட்ஜைவிட வசதி. மரத் தட்டுகளைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். கார்பன் ஃபில்டர் உள்ள மாடலானால் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். ஈர அட்டைப்பெட்டி போன்ற வாடை ஒரு குறிப்பிட்ட புட்டியில் மட்டும் வந்தால் கூலரில் குறையில்லை, அந்தக் கார்க்கில்தான் குறை. சத்தமே போடாத ஹோட்டல் வகை மினி பார்களில் சில இன்றும் அம்மோனியாவில் இயங்குகின்றன. மூக்கை அரிக்கும் நெடி வந்தால் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அறையை விட்டு வெளியேறுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது

“வாடை வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கிருந்து, எந்த மாதிரி, எப்போதிலிருந்து, குளிர் குறைந்திருக்கிறதா, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறதா என்று சொல்லுங்கள். குளிர் நன்றாக இருக்கும்போது “கேஸ் ஃபில் பண்ணணும்” என்று ஒருவர் சொன்னால் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் வாயு தேய்ந்து தீராது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான்.

பழையதைக் கழித்துவிட முடிவு செய்தால் மின்கழிவு எடுப்பவரிடமோ, எக்ஸ்சேஞ்ச் தரும் கடையிலோ கொடுங்கள். எடுத்துப்போகும் வரை மாடியிலோ வராந்தாவிலோ கிடக்குமானால் கதவைக் கழற்றித் தனியே வையுங்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகள் உள்ளே போய் மூடிக்கொண்டால் அதற்குள் மூச்சுவிடக் காற்று இராது.